உப்பளத்து முயலும் சோலைக்குள் பாடும் குருவியும்: இத்தனை அதிசயம் தெரியுமா?

பத்து கிலோமீட்டர் அகலம்கூட இல்லாத ஒரு கணவாயைத் தாண்டாமல், லட்சக்கணக்கான ஆண்டுகளாக மலையின் ஒரே பக்கத்தில் நின்றுவிட்ட பறவை ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. சிறகே இல்லாத முயல் ஒன்றோ இந்தியப் பெருங்கடலைக் கடந்து மொரிஷியஸ் தீவில் குட்டி போட்டுக் குடும்பம் நடத்துகிறது. உங்களுக்குத் தெரியுமா?

அந்த முயலைப் பார்க்க மொரிஷியஸ் போகவேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்தில் வண்டியை நிறுத்தினால் போதும். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் கண்ணுக்கு எட்டியவரை உப்புப் பாத்திகள், வரப்பு ஓரங்களில் உமரிச் செடி, அதற்கும் அப்பால் கழுவெளி ஏரி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகச் சோழமண்டலக் கரையின் பெரிய உவர்நீர்ப் பரப்பு இது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. அதன்பின் வருகிறவர்கள் எல்லோரும் பூநாரையையும் கூழைக்கடாவையும் தேடித் தண்ணீர்ப் பக்கமே பார்க்கிறார்கள். பார்க்கட்டும், பார்க்கவேண்டியவைதான். ஆனால் முதுகைத் திருப்பி, உப்பளத்தின் மேட்டுப் பக்கம் இருக்கிற முள்ளுப் புதரையும் சவுக்குத் தோப்பையும் மல்லாட்டைக் கொல்லையையும் ஒரு தரம் பாருங்கள். நம்முடைய முயல் அங்கேதான் பகல் முழுக்கப் படுத்திருக்கிறது!

கழுத்தில் கருப்பு மச்சம்

பிடரியில் கருப்புத் திட்டு, வாலின் மேல்புறமும் கருப்பு. நம் ஊர்க் காட்டு முயலின் அடையாளம் இதுதான். 1823இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ஃபிரெடெரிக் குவியே இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, அந்தக் கருங்கழுத்தையே பெயராக்கிவிட்டார்.

வீடுகளில் கூண்டில் வளர்க்கிற வெள்ளை முயலுக்கும் இதற்கும் என்ன உறவு? கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். உலகத்தில் வளர்க்கப்படும் அத்தனை முயல்களும், அங்கோரா ஆகட்டும், கறிக்கு வளர்க்கும் இனமாகட்டும், ஸ்பெயின் பக்கத்துக் குழிமுயல் ஒன்றின் வாரிசுகள். அதன் உடலணுவில் 44 குரோமோசோம்கள். மரக்காணத்துக் காட்டு முயலுக்கோ 48! இரண்டையும் ஒரே கூண்டில் விட்டாலும் குட்டி பிறக்காது. குழிமுயல் மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். காட்டு முயல் வளையே தோண்டுவதில்லை. புல்லுக்கு நடுவே தன் உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம் அமுக்கிக்கொண்டு, காதைப் பின்னுக்கு மடித்து, தனியாகப் படுத்துக்கொள்ளும். நீங்கள் இரண்டடி தூரத்தில் நடந்து போனாலும் அசையாது. மிதிக்கப் போகும் அந்தக் கடைசி நொடியில்தான் பாயும்.

வளை இல்லாத முயல் குட்டியை எங்கே ஒளித்து வைக்கும்? ஒளிக்கத் தேவையே இல்லாதபடி பெற்றெடுக்கும்! குழிமுயலின் குட்டி கண் மூடி, உடம்பில் மயிர் இன்றிப் பிறக்கிறது. காட்டு முயலின் குட்டியோ கிட்டத்தட்ட ஒன்றரை மாதம் தாய் வயிற்றில் இருந்துவிட்டு, முழு ரோமத்தோடும் திறந்த கண்களோடும் வெளியே வருகிறது. பிறந்த சிறிது நேரத்திலேயே நகரத் தொடங்கிவிடும். தாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் நரிக்கு மோப்பம் கிடைத்துவிடும் அல்லவா? அதனால் தாய் விலகியே இருக்கும். ஐரோப்பியக் காட்டு முயல்களைக் கவனித்த ஆராய்ச்சியாளர்கள் கண்டது, தாய் நாளுக்கு ஒரே ஒரு தடவை, பொழுது சாயும் நேரத்தில் வந்து, சில நிமிடங்கள் மட்டும் பால் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. அந்தச் சில நிமிடப் பாலில் அவ்வளவு கொழுப்பு!

இதே உத்தியை அதே உப்பள வரப்பில் ஒரு பறவையும் கையாள்கிறது. ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில்தான் முட்டையிடும். ஓட்டை உடைத்து வெளிவந்த குஞ்சு அன்றைக்கே ஓடும். தாய் கத்தினால் அப்படியே தரையோடு ஒட்டிக்கொள்ளும், கல்லா குஞ்சா என்று தெரியாது. முயல் பால் கொடுக்கும் பிராணி, ஆள்காட்டி முட்டையிடும் பறவை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன இரண்டு வம்சங்கள், திறந்தவெளியில் பிள்ளை வளர்க்க ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

தொடக்கத்தில் சொன்ன மலைப் பறவை ஒரு பாட்டுக்குருவி, அதன் குஞ்சோ நேர் எதிர். கண் திறக்காமல், இறகில்லாமல், வாயை மட்டும் அகலத் திறந்தபடி பொந்துக்குள் கிடக்கும். அந்த வகையில் பாட்டுக்குருவிதான் குழிமுயலுக்குச் சொந்தம், ஆள்காட்டிதான் காட்டு முயலுக்குச் சொந்தம்!

கத்திரி வெயிலில் தண்ணீர் எங்கே?

சுற்றிலும் உப்புத் தண்ணீர். மேலே மே மாதத்து வெயில். முயல் எதைக் குடிக்கும்? பெரும்பாலும் எதையும் குடிப்பதில்லை. புல்லிலும் தழையிலும் இருக்கிற ஈரம், விடியற்காலைப் பனி, அவ்வளவே போதும். நீண்ட காதுகளில் மெல்லிய தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் வலைபோல ஓடுகின்றன. உடம்புச் சூட்டை அவை வழியாகக் காற்றில் இறக்கிவிடும். வேர்க்காத உடம்புக்கு வேறு வழி?

பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும், மென்று மென்றுதான் தேய்க்கவேண்டும். மேல்வாயின் முன்பற்களுக்குப் பின்னால் இன்னொரு குட்டி ஜோடிப் பற்கள் ஒளிந்திருக்கின்றன. எலிக்கு அது கிடையாது, அதனால்தான் முயலை எலிக் குடும்பத்தில் சேர்ப்பதில்லை.

புழுக்கையிலும் ஒரு ரகசியம் உண்டு. முயல் இரண்டு விதமாகப் போடும். வயலில் நாம் பார்க்கிற காய்ந்த உருண்டை ஒன்று. மற்றொன்று மென்மையானது, பகலில் படுத்திருக்கும்போது வெளிவரும், தரையில் விழுவதற்கு முன்பே முயல் அதைத் திரும்ப விழுங்கிவிடும்! முகம் சுளிக்காதீர்கள். மாட்டுக்கு நான்கு அறை வயிறு இருக்கிறது, அசைபோட்டுச் சத்தெடுக்கும். முயலுக்கு ஒரே வயிறு. புல்லைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் குடலின் கடைசிப் பகுதியில் இருப்பதால், அங்கே உருவான பி வைட்டமினையும் புரதத்தையும் பெற உணவை இன்னொரு முறை உள்ளே அனுப்புகிறது. அதுதான் அதன் அசைபோடல்.

ஊமையும் பாடகனும்

இனி மலைக்கு ஏறுவோம். நீலகிரியில், புல்வெளிக்கு நடுவே மடிப்பு மடிப்பாகக் கிடக்கிற சோலைகளுக்குள் நுழைந்தால் வெளிச்சம் சட்டெனக் குறையும். பாசி படர்ந்த மரங்கள், காலடியில் ஈர இலைச் சருகு. அந்த இருட்டில், தரையை ஒட்டித் தத்திக்கொண்டு புழுபூச்சி தேடும் பறவையின் பெயர் சோலைக்கிளி. பெயரில்தான் கிளி. பதினைந்து சென்டிமீட்டர் நீளத்தில், கருநீலச் சாயலோடு இருக்கும் சிறு குருவி அது. அது வாயைத் திறந்தால் சோலை முழுவதும் கேட்கும்!

முயலுக்குக் குரலே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். பல்லை நறநறக்கும், பின்னங்காலால் தரையைத் தட்டும். ஒரே ஒரு சந்தர்ப்பத்தில், நரியின் வாயில் அகப்பட்டால், குழந்தை அலறுவதைப்போல அலறும். கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். அதன் முதலீடெல்லாம் காதில். எந்தப் பக்கம் சருகு நொறுங்கினாலும் தலையைத் திருப்பாமலே காதை மட்டும் திருப்பிப் பிடித்துவிடும்.

பாட்டுக்குருவியின் முதலீடு தொண்டையில், இல்லை, தொண்டைக்கும் கீழே! நமக்குக் குரல் மூச்சுக்குழலின் மேல்முனையில் பிறக்கிறது. பறவைக்கு அது அடிமுனையில், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குப் போகிற இடத்தில் பிறக்கிறது. இரண்டு கிளைக்கும் தனித்தனித் தசைகள். ஆகவே பாட்டுக்குருவியால் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரங்களை எழுப்ப முடியும். பக்கவாத்தியம் வேண்டாத கச்சேரி!

அந்தப் பாட்டு பிறவியிலேயே வருவதா? இல்லை. பாட்டுக்குருவிகள் பெரியவர்கள் பாடுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்கின்றன. குஞ்சுப் பருவத்தில் கேட்டதை மனத்தில் பதித்து, பிறகு உளறி, திருத்தி, கடைசியில் சரியாகப் பாடும். கற்றுக்கொள்கிற எதிலும் வட்டார வழக்கு வந்துவிடுமே! ஆராய்ச்சியாளர்கள் வெவ்வேறு மலைகளில் சோலைக்கிளிகளின் பாட்டைப் பதிவுசெய்து ஒப்பிட்டார்கள். பழங்காலக் கணவாய்களால் பிரிந்த கூட்டங்களுக்கிடையே பாட்டு வெகுவாக மாறியிருந்தது. அண்மையில் காடு அழிந்ததால் பிரிந்த கூட்டங்களிடமும் வேறுபாடு தென்பட்டது, அளவில் குறைவு, அவ்வளவுதான். காட்டை வெட்டினால் பாட்டும் துண்டாகத் தொடங்குகிறது என்பதை 2016இல் இந்த ஆய்வு காட்டியது.

கணவாயில் நின்ற சிறகுகள்

இப்போது தொடக்கத்தில் சொன்ன கணவாய்க்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரே சுவர் அல்ல, நடுவில் இரண்டு பெரிய வாசல்கள் இருக்கின்றன. கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் காற்று கொடுக்கிற பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30, 40 கிலோமீட்டர் அகலம். தென்காசிக்காரர்களுக்குச் சாரல் கொடுக்கிற செங்கோட்டைக் கணவாய் பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. பாலக்காட்டுக்கு வடக்கே நீலகிரிச் சோலைக்கிளி, வயிறு செம்பழுப்பு. தெற்கே ஆனைமலையிலும் பழனிமலையிலும் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. செங்கோட்டைக்கும் தெற்கே, அகத்தியமலைப் பக்கம் இருப்பதும் அதே இனம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2017இல் வி.வி. ராபின் முதலியோர் மரபணு, பாட்டு, உருவம் மூன்றையும் சேர்த்துப் பார்த்து, அது தனி இனம் என்று அறிவித்தார்கள். அதே கட்டுரையில் இந்தச் சோலைக்கிளிகள் அனைத்தையும் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு புதிய பேரினமாகவும் நிறுவினார்கள். இருநூறு ஆண்டுகளாகப் பறவை ஆய்வாளர்கள் நடந்து பழகிய மலையில், இந்த நூற்றாண்டில் ஒரு புதுப் பறவை!

சிறகு இருந்தும் ஏன் தாண்டவில்லை? தாண்டத் திராணி இல்லாமல் அல்ல. அதன் உலகம் குளிர்ந்த, ஈரமான, இருட்டான சோலைத் தரை. கணவாய் என்பது அதற்கு வெயிலும் வறட்சியும் நிறைந்த பள்ளத்தாக்கு. அங்கே இறங்கினால் இரையில்லை, மறைவில்லை. நமக்குச் சமவெளி எப்படித் தரையோ, அதற்கு அது கடல். இந்த மலையுச்சிகளை விஞ்ஞானிகள் வானத்துத் தீவுகள் என்று சொல்வது அதனால்தான். தீவு சுருங்கினால் தப்பிக்க இடமில்லை. தேயிலை, தைலமரம், சீகை என்று நீலகிரியின் முகமே மாறியபின், நீலகிரிச் சோலைக்கிளி இன்று அழியும் ஆபத்தில் உள்ள பறவைகளின் பட்டியலில் இருக்கிறது.

நம் கருங்கழுத்து முயலுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. மரக்காணத்தில் கடல் மட்டத்தில் படுத்திருக்கும் அதே இனம்தான் நீலகிரியின் உச்சிப் புல்வெளியிலும் மேய்கிறது! அங்கே சோலைக்குள் பாட்டுக்குருவி, சோலைக்கு வெளியே புல்லில் முயல், நடுவே மரவேலிபோல ஒரு விளிம்பு. இமயமலை அடிவாரம் தொடங்கி இலங்கைவரை பரவிய முயல் இது. மனிதர்கள் கப்பலில் கொண்டுபோய் விட்டதால் மொரிஷியஸ், ரியூனியன், சீஷெல்ஸின் கசின் தீவு என்று கடல் தாண்டியும் நிலைத்துவிட்டது. புல்லும் புதரும் இருந்தால் போதும், அது எங்கேயும் வாழ்ந்துகொள்ளும்.

செத்துப்போச்சு என்று நினைத்த முயல்

அப்படியானால் முயல் என்றாலே சமாளித்துவிடும் இனமா? இல்லவே இல்லை. சோலைக்கிளியின் தலையெழுத்தை அப்படியே கொண்ட முயலும் இந்தியாவில் உண்டு. அதைத் தேடி அசாமுக்குப் போகவேண்டும்.

அசாம் முயல். உடம்பெல்லாம் தொட்டால் குத்துகிற முரட்டு மயிர், கரும்பழுப்பு நிறம். காது குட்டை. பின்னங்கால்களும் மற்றக் காட்டு முயல்களுக்கு இருப்பதுபோல நீளமில்லை. அதனால் துள்ளிப் பாய்ந்து தப்புகிற வித்தை அதற்குக் கைவராது. ஆளுயரத்துக்கும் மேலே வளரும் யானைப்புல்லுக்குள் ஒளிவதுதான் அதன் ஒரே பாதுகாப்பு. இமயமலை அடிவாரத்தில் ஆறுகள் வண்டல் கொட்டிய தராய்ப் புல்வெளிகளைத் தவிர அதற்கு வேறு உலகமில்லை. 1960களில் இது மறைந்தே போயிருக்கலாம் என்று அஞ்சினார்கள். 1971இல் அசாமில் உயிரோடு ஒன்று சிக்கியது! உலகத்தின் மிகச் சிறிய காட்டுப் பன்றி அழிந்துவிட்டது என்று கைவிடப்பட்டு மீண்டும் கிடைத்ததும் அதே ஆண்டு, அதே அசாமில், அதே மாதிரிப் புல்வெளியில். நேபாளத்தின் சித்வன் தேசியப் பூங்காவில் 1984க்குப் பிறகு அசாம் முயலை யாரும் பார்க்கவில்லை. 2016 ஜனவரியில் ஒன்று படத்தில் அகப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள்!

இந்த முயலுக்குப் பெரிய எதிரி தீ. கோடை தொடங்கும்போது புதுத்தழை வரவேண்டும் என்று புல்வெளிக்குத் தீ வைப்பது அங்கெல்லாம் வழக்கம். மான்களுக்கு அது விருந்து. ஒளிய இடமின்றி நிற்கும் அசாம் முயலுக்கு, எரியாமல் மிச்சமாகும் ஆற்றோரச் சதுப்புப் புல்தான் கதி. முழுவதையும் ஒரே மூச்சில் எரிக்காமல் திட்டுத் திட்டாக விட்டுவைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று புல்வெளி ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்கள்.

இரண்டு முயல் நாடுகளுக்கும் ஒரே விருந்தாளி

இந்த அசாம் முயலின் நாட்டையும் மரக்காணத்து முயலின் நாட்டையும் இணைக்கிற பறவை ஒன்று இருக்கிறது என்றால் நம்புவீர்களா? ஆறுமணிக்குருவி! பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு, கண்ணில் மை தீட்டியதுபோலக் கருப்புக் கோடு. விடிகாலையிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுக்கும். கோடையிலும் மழைக்காலத்திலும் இமயமலை அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டும். சித்வன் காடுகளும் அதன் இனப்பெருக்க நாட்டில் அடக்கம். செப்டம்பர், அக்டோபரில் இரவோடு இரவாகத் தெற்கே கிளம்பும். அடிவாரத்திலிருந்து மரக்காணம்வரை நேர்கோட்டில் அளந்தாலும் ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. பறவையின் எடையோ ஐம்பது, அறுபது கிராம்! மரக்காணத்தில் உப்பு வாருவது ஓய்ந்து பாத்திகள் மழைக்குக் காத்திருக்கும் நேரத்தில், இது நம் கரையோரப் புதர்களுக்குள் வந்து இறங்கி, சருகைக் கிளறத் தொடங்கிவிடும். ஏப்ரல், மே வாக்கில் திரும்பிப் போகும்.

இன்னொரு சங்கதி. ஆறுமணிக்குருவி மரக்கிளையில் அமரும் பறவைகளின் பெரிய வரிசையைச் சேர்ந்ததுதான், ஆனால் பாட்டுக்குருவிகளின் கிளையில் இல்லை. சோலைக்கிளி குருவிடம் பாடம் கேட்கவேண்டும். ஆறுமணிக்குருவியின் இனத்தாருக்கோ குரல் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது என்பதே ஆய்வாளர்களின் கருத்து.

இது இறங்கும் புதர் ஏதோ ஒரு புதர் அல்ல. சோழமண்டலக் கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காடு என்ற காட்டுவகை ஒருகாலத்தில் இந்தக் கரையோரமெங்கும் இருந்தது. இன்று மிச்சமிருப்பவை பெரும்பாலும் கோயில் காடுகள்தான். மரக்காணத்துக்குத் தெற்கே, அதே கடற்கரைச் சாலையின் ஓரத்தில், புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றிக் காசானும் வீரையுமாக அப்படி ஒரு காடு நிற்கிறது. சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்ட காடு! மழை குறைந்த கரையில், கோடையிலும் இலை உதிர்க்காமல் நிற்கும் அந்தக் குட்டை மரங்களின் அடியில் சருகு இருக்கிறது, சருகில் பூச்சி இருக்கிறது. வடக்கிலிருந்து வருகிற பறவைக்கு அதுதான் வேண்டும். ஓரத்துப் புல்லும் புதரும் முயலுக்கு. கழுவெளியின் தண்ணீருக்குச் சரணாலயம் கிடைத்துவிட்டது. ஏரியைச் சுற்றியுள்ள இந்தப் புதர்க்காடுகள் மனைப்பிரிவாகிற வேகத்தைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. தரிசு என்று பத்திரத்தில் எழுதிவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடுமா?

பொங்கலை ஒட்டி முயல் வேட்டைக்குக் கிளம்பும் பழக்கம் பல ஊர்களில் இருந்துவருகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம், இது பலருக்கும் இன்னும் தெரியாது.

கொல்லையிலோ வரப்பிலோ தனியாகக் கிடக்கும் முயல் குட்டியைப் பார்த்தால், ஐயோ தாயைப் பிரிந்துவிட்டதே என்று தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அது பிரியவில்லை, தாய் பொழுது சாய்ந்ததும் வரும். நாயைக் கட்டிவிட்டு விலகிப் போங்கள், அதுவே பெரிய உதவி. அக்டோபர் விடியலில் உங்கள் வீட்டுக் கண்ணாடி ஜன்னலில் மோதி, பல நிறக் குருவி ஒன்று மொட்டை மாடியில் மயங்கிக் கிடந்தால் அது பெரும்பாலும் ஆறுமணிக்குருவியாக இருக்கும். காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். தெளிந்துவிட்டால், இருட்டுவதற்கு முன் பக்கத்தில் இருக்கிற அடர்ந்த புதரின் அருகே பெட்டியைத் திறந்து வையுங்கள்.